அதிபர் வந்திருக்கிறார்

தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு ராஜபாளையத்தில் கிடைத்த முதல் தேநீர் பெரிய சோதனை. பஸ் நிலையத்துக்கு எதிர்க் கடையில் தூளைப் பாலோடு கொதிக்கவிட்டு, கொதித்ததை இன்னும் கொதிக்கவிட்டு, கையை உயரத் தூக்கி ஆற்றி, ஒரு கிளாசில் கொடுத்தார்கள். எங்கள் பக்கத்தில் தேயிலையை இந்தப் பாடு படுத்தினால் பெரிய சண்டையே வந்துவிடும். முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் குடிக்கத் தொடங்கினேன். இரண்டாவது கிளாஸை நானே கேட்டு வாங்கினேன். "சீனி போதுமா?" என்று கடைக்காரர் கேட்டபோது மனசு குளிர்ந்தது. சென்னையில் தங்கியிருந்தபோது சீனி சீனி என்று கேட்டு, கடைசியில் சர்க்கரை என்று சொல்லப் பழகியிருந்தேன்.

நான் இலங்கையில், பண்டாரவளைப் பக்கம், ஒரு தோட்டப் பாடசாலையின் அதிபர். எங்கள் நாட்டில் தலைமை ஆசிரியரை அதிபர் என்றுதான் சொல்வோம். முதலாம் வகுப்புப் பிள்ளையும் அப்படித்தான் சொல்லும், அமைச்சரும் அப்படித்தான் சொல்வார். அந்தச் சொல் கடலைத் தாண்டினால் வேறு வேஷம் போட்டுக்கொள்ளும் என்று யாரும் எனக்குச் சொல்லி அனுப்பவில்லை.

அனுப்பியது எங்கள் கல்வித் திணைக்களம், அதாவது கல்வித் துறை. கல்விச் சீர்திருத்தம் என்று ஒன்று அங்கே நடந்துகொண்டிருக்கிறது. பிள்ளைகள் குறைந்த சிறிய பாடசாலைகளை மூடிப் பெரியவற்றோடு சேர்ப்பதா, வைத்துக் காப்பாற்றுவதா என்பது அதில் ஒரு கேள்வி. தமிழ்நாட்டில் என்ன செய்கிறார்கள் என்று பார்த்து அறிக்கை எழுத வேண்டும். என் பாடசாலையும் சிறியதுதான், வருடா வருடம் இளைத்துக்கொண்டும் வருகிறது. கோழியிடமே போய்க் குழம்புக்கு மசாலா போதுமா என்று கேட்டது போலத்தான் எனக்கு இந்த வேலை வந்து சேர்ந்தது.

முதல் நாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆசிரியர் பயிற்சி ஒன்றைப் பார்க்க வேண்டியிருந்தது. பஸ்ஸில் ஒரு கால் வைக்கக்கூட இடமில்லை. மைதீன் பாய் என்று எல்லோரும் கூப்பிடும் ஆட்டோக்காரர் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டு ஏற்றிக்கொண்டார். தாடியில் பாதி நரைத்த, வாய் ஓயாத மனிதர்.

"எந்தூரும்மா? பேச்சு வேற மாதிரி இருக்கு."

"இலங்கை."

"அங்க என்ன பண்ணுதீக?"

"அதிபரா இருக்கேன்."

ஆட்டோவின் வேகம் குறைந்தது. கண்ணாடியில் என்னை இன்னொரு முறை பார்த்தார்.

"உங்ககிட்ட எம்புட்டுப் பேரு இருக்காக?"

"முன்னே முந்நூறு பேர் இருந்தாங்க. இப்ப பாதிகூட இல்ல. எல்லாம் டவுன் பக்கம் போயிடுறாங்க."

"இங்கயும் அதே கததாம்மா. உள்ளூரு ஆளு நிக்க மாட்டேங்கான். வடக்கேருந்து கூட்டியாந்துதான் ஓட்டுறாக."

இது எனக்குப் புதிய செய்தியாக இருந்தது. வடமாநிலப் பிள்ளைகளைச் சேர்த்துப் பள்ளிகளை நடத்துகிறார்கள் போலிருக்கிறது, அறிக்கையில் எழுத வேண்டும் என்று மனசில் குறித்துக்கொண்டேன்.

"கட்டடம் சொந்தமா?"

"வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். கூரை ஒழுகுது. எனக்கு முன்னால எங்க மாமாதான் அதிபரா இருந்தார்."

"அப்ப பரம்பரையா நடத்துறீக" என்று மரியாதையோடு தலையாட்டினார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வேகத்தடையிலும் முட்டையை ஏற்றிக்கொண்டு போகிறவர் மாதிரி ஏறி இறங்கினார். ஆனால் எதிரே ஒரு லாரி வந்தபோது மட்டும் அந்த மரியாதையெல்லாம் மறந்து பறந்தார். "கொஞ்சம் ஆறுதலா போங்க" என்றேன். எங்கள் ஊரில் ஆறுதல் என்றால் நிதானம். அவர் பதறிப்போய் ஓரம் கட்டிவிட்டார். "யாருக்கும்மா என்ன ஆச்சு? துக்க வீட்டுக்கா போறீக?" என்று கேட்டார். அந்தச் சொல்லை விளக்கிச் சிரித்து முடித்தேன். விளக்கியிருக்க வேண்டிய சொல் வேறு என்பது எனக்குத் தெரியாது. பஞ்சாலைகள் நிறைந்த ராஜபாளையத்தில் அதிபர் என்றால் மில் அதிபர், அதாவது முதலாளி.

பயிற்சி, மடவார் வளாகத்துக்குப் பக்கத்தில் ஒரு கூடத்தில் நடந்தது. ஒரே வகுப்பில் இருக்கும் பிள்ளைகளை, நன்றாக வாசிப்பவர்கள், எழுத்துக் கூட்டுபவர்கள், எழுத்தே பிடிபடாதவர்கள் என்று குழு பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் அதனதன் இடத்திலிருந்து சொல்லிக் கொடுப்பது இங்கே நடைமுறை. அதற்காக ஆசிரியைகள் தரையில் உட்கார்ந்து, பிள்ளைகள் மாதிரி எழுத்து அட்டைகளை வைத்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பின்னால் ஒருத்தி முணுமுணுத்தாள்: "போன வருசம் அட்டைல படத்த ஒட்டுனோம், இந்த வருசம் படத்துக்குக் கீழ அட்டைய ஒட்டுறோம்." இன்னொருத்தி அவள் தொடையில் தட்டினாள். "ஏட்டி, சும்மா இரு. வெளிநாட்டுக்காரவிய பாக்காக." எனக்குச் சொந்த ஊருக்கு வந்த மாதிரி இருந்தது. எங்கள் பயிற்சிகளிலும் கடைசி வரிசை இதையேதான் சொல்லும்.

ஆனாலும் அந்த முணுமுணுப்பு நின்ற பிறகு அந்தக் கடைசி வரிசைதான் அட்டைகளை அதிகக் கவனத்தோடு அடுக்கியது. எழுத்தே பிடிபடாத பிள்ளையைப் பின்னால் உட்காரவைத்து மறந்துவிடும் பழக்கத்தை ஒரு மாநிலம் முறையாகக் கைவிடப் பார்க்கிறது என்றால் அது எனக்குச் சந்தோஷம்தான், அட்டை எங்கே ஒட்டப்பட்டிருந்தால் என்ன.

மத்தியானம் எல்லோரும் பால்கோவா வாங்கப் போனார்கள். நானும் போனேன். மந்தார இலையில் சூட்டோடு வைத்துக் கொடுத்த பால்கோவாவைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் சுப்புலட்சுமி டீச்சர் பேச்சுக் கொடுத்தார். என் வயதுதான் இருக்கும். சோழபுரத்தைத் தாண்டி ஒரு சிறிய ஊரில் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியை. ஊரின் பெயரைக் கேட்டால் சொல்லமாட்டேன். அவர் சொன்னது இதுதான்.

"எங்க ஸ்கூலு ரோட்டுக்கு இங்கிட்டு இருக்கு. மில் காலனி ரோட்டுக்கு அங்கிட்டு. பாதிப் பிள்ளைக அங்கேருந்துதான் வருது. பெரிய ரோடு, லாரியா வரும். பிரைவேட் ஸ்கூல் வேன் வாசல்லயே வந்து ஏத்திக்கிடுது. நாங்களும் வண்டி கேட்டோம். தூரம் கம்மி, அதனால விதியில இடமில்லன்னுட்டாக. தூரம் கம்மிதான் மேடம். ரோடு அகலமால்ல இருக்கு."

"இப்ப என்ன செய்யப் போறீங்க?"

"நாளைக்குப் பெற்றோர் குழுக் கூட்டம். வேனுக்கு ஒரு வழி சொல்லுங்க, இல்லாட்டி டிசியக் குடுங்கன்னு காலனி அம்மாமார் சொல்லிட்டாக. அவிய போயிட்டா ஸ்கூலப் பக்கத்து ஊரோட சேத்துருவாக. இங்கிட்டு இருக்கிற பிள்ளைகளுக்கும் இல்லாமப் போயிரும்." இலையை மடித்தபடி, "நீங்களும் வாங்களேன்" என்றார்.

எங்கள் கூட்டங்களில் தொலைநோக்கு என்ற சொல்லை நாள் முழுக்க உருட்டுவார்கள். தூரத்தை எல்லோரும் நோக்குகிறார்கள், அகலத்தைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை. வருகிறேன் என்றேன். டீச்சர் அங்கேயே நின்று பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் தட்டினார். நான் என்னை அறிமுகப்படுத்திக்கொண்ட சொல்லையே மரியாதைக்காகப் போட்டிருக்கிறார்: "நாளைய கூட்டத்துக்கு இலங்கையிலிருந்து ஓர் அதிபர் வருகிறார். அனைவரும் தவறாமல் வரவும்."

மறுநாள் காலையில் மைதீன் பாய் ஆட்டோவைக் கழுவித் துடைத்து, கண்ணாடியில் மல்லிகைச் சரம் கட்டி, லாட்ஜ் வாசலில் நின்றார். சோழபுரம் தாண்டும் வரை எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. மில் காலனி முக்கில் டப்பென்று ஒரு சத்தம். "கிளட்ச் ஒயரு அந்துபோச்சு" என்று தலையில் கை வைத்தார். பள்ளிக்கூடம் கண்ணெதிரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம் தெரிந்தது. இறங்கி நடந்துவிடலாம் என்று கிளம்பினேன்.

எங்கள் மலையில் எந்த வாகனமும் வளைந்து வளைந்து, ஹாரன் அடித்து, யோசித்துத்தான் வரும். இங்கே ரோடு நூல் பிடித்த மாதிரி நேராகக் கிடக்கிறது. தூரத்தில் புள்ளியாகத் தெரிந்த லாரி நான் ஒரு அடி வைப்பதற்குள் முகத்துக்கு முன்னால் நின்றது, இல்லை, நிற்கவில்லை, போயிற்று. சேலைத் தலைப்பு அதோடு போய்விடும் போலிருந்தது. பின்வாங்கினேன். மறுபடி முயன்றேன், மறுபடி பின்வாங்கினேன். ஐம்பது வயதைத் தாண்டிய மனுஷி, ரோட்டைக் கடக்கப் பயந்து நின்றேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஒரு கை என் மணிக்கட்டை இறுகப் பிடித்தது. மெலிந்த பெண், முப்பது வயதிருக்கும். மற்றக் கையில் சீருடை போட்ட ஒரு சிறுமி.

"கைய விடாதீக. நான் சொன்னதுக்குப் பொறவு கால எடுத்து வைங்க."

பள்ளிப் பக்கம் வந்து சேர்ந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அவள் பெயர் ராமலட்சுமி. சிறுமி அவள் மகள் தர்ஷினி, இரண்டாம் வகுப்பு. ராமலட்சுமி என்னை மேலும் கீழும் பார்த்து, "நீங்கதான் அந்த அதிபரா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "நல்லவேள, நீங்களே ரோட்டக் கடந்து பாத்துட்டீக. இனி நாங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம்" என்றாள். என்ன சொல்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை.

பள்ளியில் காலை உணவு நடந்துகொண்டிருந்தது. அரசாங்கம் தரும் காலைச் சாப்பாடு, அன்றைக்கு ரவா கிச்சடியும் சாம்பாரும். பிள்ளைகளோடு உட்கார்ந்து நானும் சாப்பிட்டேன். கிச்சடி உண்மையிலேயே நன்றாக இருந்தது, அறிக்கைக்காகச் சொல்லவில்லை. எங்கள் தோட்டத்தில் அம்மாமார் விடிவதற்குள் கொழுந்து பறிக்கப் போய்விடுவார்கள். வெறும் வயிற்றோடு வரும் பிள்ளை இரண்டாம் பாடத்தில் மேசையில் தலை சாய்க்கும்போது நாங்கள் அதைக் கவனமில்லை என்று சொல்வோம். தர்ஷினி தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, புத்தகத்தை எடுத்து வந்து, கேட்காமலே எனக்கு ஒரு பக்கம் வாசித்துக் காட்டினாள். "போன வருசம் எழுத்துக் குழுவுல இருந்தேன். இப்ப வாசிக்கிற குழு" என்றாள். இன்னொரு பக்கமும் வாசிக்கச் சொன்னேன்.

கூட்டம் தொடங்கியது. எனக்கு ஒரு சால்வை போர்த்தினார்கள். அது அளவுக்கு மிஞ்சிய பட்டுச் சால்வையாக இருந்தபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும். பெற்றோர் குழுத் தலைவி பேச்சியம்மாள் எழுந்தார். அவரும் மில் தொழிலாளிதான். இரவு ஷிப்டு முடிந்து நேராக வந்திருந்ததால் தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"அம்மா, நீங்க கடல் தாண்டி வந்திருக்கீக. எங்களுக்குக் கட்டடம் வேண்டாம், கலர் டிவி வேண்டாம். பிள்ளைகளக் கூட்டியார ஒரே ஒரு வேனு வாங்கிக் குடுத்தாப் போதும். உங்க மில்லு பேரையே சைடுல பெருசா எழுதிப்புடுவோம்."

கை தட்டினார்கள். கதவோரம் நின்றிருந்த மைதீன் பாய் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார். "பரம்பரையா மில்லு நடத்துறவிய" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அப்போதுதான் ஆட்டோவில் நடந்த பேச்சு முழுவதும் எனக்குள் தலைகீழாகப் புரண்டது. சுப்புலட்சுமி டீச்சரைப் பார்த்தேன். அவர் முகத்தில் ரத்தமில்லை.

எழுந்து நின்றேன். சால்வைக்குள் வேர்த்தது.

"நான் மில் முதலாளி இல்ல. எங்க நாட்டுல அதிபர்னா தலைமையாசிரியர். சுப்புலட்சுமி டீச்சருக்கு என்ன வேலையோ எனக்கும் அதே வேலைதான். என் பாடசாலைக் கூரை ஒழுகுது. அதையும் மூடலாமான்னு பேச்சு நடக்குது. நீங்க எப்படி உங்க பள்ளிக்கூடத்தக் காப்பாத்துறீங்கன்னு பார்த்துட்டுப் போகத்தான் வந்தேன். உங்களுக்குக் குடுக்க எங்கிட்ட ஒண்ணும் இல்ல."

பேச்சியம்மாள் உட்கார்ந்தார்.

"அப்ப மில்லே கெடையாதா?" என்று மைதீன் பாய் மெதுவாகக் கேட்டார். முதலில் ஒரு சிரிப்பு, அப்புறம் கூடம் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். ஆனால் சிரிப்பு அடங்கியதும் பின்வரிசையில் ஒரு பெண் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "அப்ப டிசி எழுதிருங்க டீச்சர்." இன்னும் இரண்டு மூன்று பேர் எழுந்தார்கள். ராமலட்சுமியும் எழுந்தாள். டீச்சர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த நேரத்தில் நான் மில் முதலாளியாக இல்லாமல் போனதற்காக நிஜமாகவே வருத்தப்பட்டேன்.

"காலைல ஒரு ஆளு ரோட்டுல நின்னு கடத்திவிட்டாப் போதும்ல?" என்றார் மைதீன் பாய், குற்ற உணர்ச்சியோடு.

"எவ நிப்பா?" என்று பேச்சியம்மாள் சீறினார். "ஆளுக்கொரு மில்லு, ஆளுக்கொரு ஷிப்டு."

எழுந்து நின்ற ராமலட்சுமி உட்காரவும் இல்லை, போகவும் இல்லை. "ஆளுக்கொரு ஷிப்டுங்கிறதுதான நல்லது" என்றாள்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"எல்லாரும் ஒரே நேரத்துல மில்லுக்குள்ள இருந்தாத்தான் கஷ்டம். ராத்திரி ஷிப்டு முடிஞ்சு வாரவ காலைல கடத்திவிடட்டும். காலை ஷிப்டு முடிஞ்சு வாரவ சாயங்காலம் கூட்டியாரட்டும். மில்லுல மாத்து ஆளு வந்து நிக்காம நம்ம மிசின விட்டு நகருதமா? ஒண்ணுக்குப் போகணும்னாக்கூட ஆளு வந்து நின்னாத்தான் போறோம். நூலு அந்துரும்னு அம்புட்டு பயம். பிள்ளையளுக்கு அப்படி நிக்க மாட்டமா?"

"மாத்து ஆளு வரலைன்னா?" என்று பின்வரிசைப் பெண் கேட்டாள்.

"வார வரைக்கும் நிக்கவ நகரக்கூடாது. மில்லுல அதான சட்டம்."

எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள் என்று சொன்னால் அது பொய். பின்வரிசைப் பெண் தன் மகனுக்கு இங்கிலீஷ்தான் வேண்டும் என்று டிசி வாங்கிக்கொண்டு போனாள். டீச்சர் மறுபேச்சில்லாமல், பையன் நல்லாப் படிப்பான் என்று சொல்லியே எழுதிக் கொடுத்தார். மற்றவர்கள் உட்கார்ந்து எந்த நாளில் யார் என்று பேசத் தொடங்கினார்கள். வேகத்தடை கேட்டு மறுபடி மனுப் போடுவது என்றும் முடிவாயிற்று. சால்வையைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தேன். "பரவால்ல, வச்சுக்கிடுங்க. டீச்சருக்கும் போத்தலாம்" என்றார் பேச்சியம்மாள்.

அன்று சாயங்காலம் மைதீன் பாய் தன் செலவில் எனக்குப் பரோட்டாவும் சால்னாவும் வாங்கிக் கொடுத்துப் பாவமன்னிப்புத் தேடிக்கொண்டார். எங்கள் கொத்து ரொட்டியைப் பற்றி நான் பெருமையடித்ததையும் பொறுத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் நான் ஊர் திரும்ப வேண்டும். மதுரைக்குப் போக வடக்கே திரும்பவேண்டிய ஆட்டோவைத் தெற்கே, சோழபுரம் பக்கம் விடச் சொன்னேன். மைதீன் பாய் உடனே திருப்பினார்.

காலனி முக்கில் பிள்ளைகள் ஒரு கூட்டமாக நின்றார்கள். நடுவில் ராமலட்சுமி. கொஞ்சம் தள்ளி ஒரு மில் வேன், அவளை வேலைக்கு ஏற்றிப்போக வந்தது, விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. தாயை ஏற்ற வாசலுக்கு வேன் வருகிறது, பிள்ளையை ஏற்றத்தான் வழியில்லை. அன்று காலை பேச்சியம்மாள் முறை. இரவு ஷிப்டிலிருந்து அவரை விடுவிக்க மில்லில் இன்னும் மாற்று ஆள் வரவில்லையாம். டிரைவர் தலையை நீட்டிக் கத்தினார். ராமலட்சுமி நகரவில்லை. இன்னும் செத்த நேரம் போனால் அன்றைய கூலி போய்விடும் என்று அவள் முகத்தில் எழுதியிருந்தது.

என்னைப் பார்த்ததும் அவள் எதையும் யோசிக்கவில்லை. தர்ஷினியின் கையை எடுத்து என் கைக்குள் வைத்தாள்.

"மாத்து ஆளு வந்தாச்சு. நான் போறேன்."

ஓடிப்போய் வேனில் ஏறிக்கொண்டாள். எனக்கு முந்திய நாளின் பயம் அப்படியே வந்தது. மைதீன் பாய் ஆட்டோவை ரோட்டோரம் நிறுத்திவிட்டு இறங்கி, இரண்டு கைகளையும் விரித்து லாரிகளுக்கு முன்னால் நின்றார். பிள்ளைகள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். "நான் சொன்னதுக்குப் பொறவு கால எடுத்து வைங்க" என்று தர்ஷினி எனக்குச் சொன்னாள். அவள் சொன்னாள், நான் வைத்தேன்.

அந்தப் பக்கம் சேர்ந்ததும் பிள்ளைகள் காலைச் சாப்பாட்டு வாசனையைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். தர்ஷினி மட்டும் நின்றாள்.

"நாளைக்கும் நீங்கதான் மாத்தா?"

"இல்லம்மா. நான் இன்னைக்கு எங்க ஊருக்குப் போறேன். எங்க பிள்ளைகள் காத்திருப்பாங்க."

"அப்ப யாரு?"

ரோட்டைத் திரும்பிப் பார்த்தேன். எதிர்ப் பக்கம், மில் ஓவர்கோட்டைக்கூடக் கழற்றாமல், தலையெல்லாம் பஞ்சோடு பேச்சியம்மாள் மூச்சிரைக்க ஓடி வந்துகொண்டிருந்தார். பிந்தி வந்த இரண்டு பிள்ளைகள் அங்கே தனியாக நிற்பதைப் பார்த்து, தூரத்திலேயே கையை நீட்டிக்கொண்டு வந்தார்.

"அந்தா வாராக" என்றாள் தர்ஷினி. அதற்குப் பிறகுதான் அவள் என் கையை விட்டாள்.